பெயர் போன கோப்புகள்

முதலில் பல்லி என்றுதான் நினைத்தேன்.
கொழிஞ்சாம்பாறையில் வெயில் ஏறத் தொடங்கிவிட்டால்
ட்யூப்லைட் ஓரம் அதற்கென்று ஓர் இடம் உண்டு.
டிக். டிக். சற்று விட்டு, டிக்.
எந்தத் திசையில் சொல்கிறதென்று பார்த்தேன்.
தென்கிழக்கு. மேஜைக்கு அடியில்.
கணினிக்குள்.
பஞ்சாங்கத்தின் பின்னட்டையில்
அதற்குப் பலன் போடவில்லை.

பாலக்காடு ஸ்டேடியம் ஸ்டாண்டுக்குப் பின்னால்
மாடியில் ஷிஜினாவின் கடை.
டிஸ்க்கைக் காதருகே வைத்துக் கேட்டாள்.
"சேச்சி, ஹெட் போயி."
யாருடைய தலை என்று நான் கேட்கவில்லை.
பதினோரு வருஷம் அதற்குள் இருந்தது.
ஆதிரை முதன்முதலாக எழுந்து நின்றது,
நின்ற வேகத்தில் விழுந்தது.
பேக்கப் இல்லையா என்றாள்.

பால் சொசைட்டியில் கணக்கெழுதுகிறவள் நான்.
நானூற்றுப் பத்து மாட்டின் கொழுப்புச் சதவீதம்
மூன்று இடத்தில் பத்திரமாக இருக்கிறது.
வீட்டுக்கு மட்டும்
ஒரே குடம்.

பத்தொன்பது நாள் கழித்துக் கூப்பிட்டாள்.
பாதிக்கு மேல் எழுந்துவிட்டதாம். ஆனால்
பேரெல்லாம் போயி, சேச்சி.
போய்த்தான் இருந்தது.
எஃப் நானூற்றுப் பன்னிரண்டு,
எஃப் நானூற்றுப் பதின்மூன்று.
எல்லாவற்றுக்கும் ஒரே தேதி:
1970, ஜனவரி ஒன்று.
நான் பிறப்பதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே
என் கல்யாணம் நடந்திருக்கிறது.
அன்றைக்கே ஆதிரைக்குக் காது குத்தியிருக்கிறோம்.
அன்றைக்கே அப்பாவை எரித்துவிட்டு வந்து
கரண்ட் பில் கட்டியிருக்கிறோம்.

தொலைந்தது எது, தொலைத்தது எது என்று
அந்த மென்பொருளுக்குத் தெரியவில்லை.
நான் அழித்ததையும் சேர்த்துக் கூட்டிவந்திருந்தது.
கண்ணை மூடிக்கொண்டதால் கழித்த படங்கள்.
வேலையை விடுகிறேன் என்று ஒரு கடிதம்.
பிறகு, அண்ணனுக்கு எழுதியது:
கிணற்று முறை பற்றி, மோட்டார் செலவு பற்றி,
அப்பா காரியத்தன்று அண்ணி சொன்ன ஒரு சொல் பற்றி.
மூன்று படி. எதையும் அனுப்பவில்லை.
ஒன்றில் 'நீங்கள்' என்றிருந்தேன்.
ஒன்றில் 'உனக்கு'.
ஒன்று 'அண்ணா' என்பதோடு நின்றிருந்தது.
தேதி இல்லை.
கோபம் இறங்கிக்கொண்டு வந்ததா
ஏறிக்கொண்டு போனதா,
எழுதிய எனக்கே சொல்ல முடியவில்லை.

ஷிஜினா விதி சொன்னாள்.
மூன்று படி வேண்டும், அதில் ஒன்று வேறு ஊரில்.
தீயும் திருடனும் ஒரே ராத்திரி
இரண்டு ஊருக்கு வரமாட்டார்கள்.
வேறு ஊர் என்று எனக்கிருப்பது
கிணத்துக்கடவு ஒன்றுதான்.

வேலந்தாவளம் தாண்டியதும் பஸ்ஸை நிறுத்தினார்கள்.
போலீஸ்காரர் டிபன் பையைத் திறந்தார்.
ஆதிரையின் பழைய சாக்ஸுக்குள் கறுப்பு டப்பா.
"என்னம்மா இது?"
சொந்த விஷயம் என்றேன்.
லாட்டரிச் சீட்டு இல்லை என்று தெரிந்ததும்
சாக்ஸை அவரே இழுத்து மூடிக் கொடுத்தார்.

அண்ணன் வாங்கிக் கையில் எடை பார்த்தான்.
இரண்டு வருஷத்தில் முதல் பேச்சு:
"இதுக்குள்ள என்ன இருக்குது?"
தோப்புப் போட்டோ, அப்பா போட்டோ என்றேன்.
பொய் இல்லை.
கடிதம் இருக்கிறதா என்று அவன் கேட்கவில்லை.
பீரோவைத் திறந்து
பத்திரப் பைக்குள்,
வில்லங்கச் சான்றுக்கு அடியில் வைத்தான்.
பூட்டிய சாவியை உருவாமல்
"சார்ஜ் போடோணுமா அம்மிணி?"

சார்ஜ் வேண்டாம்.
ஆறு மாசத்துக்கு ஒருக்கா
சும்மா ஓட்டிப் பார்த்தால் போதும்,
இல்லாவிட்டால் உள்ளே இறுகிப்போகும் என்றேன்.
"எனக்கு அதெல்லாம் ஆகாது.
நீதான் வந்து ஓட்டோணும்."
அண்ணி காபி கொண்டுவந்தாள்.
சர்க்கரை அதிகம். குடித்தேன்.

பஸ் கிளம்பிய பிறகு பைக்குள் கைவிட்டால்
கேபிள்.
அதைக் கொடுக்க மறந்திருக்கிறேன்.